ஸ்பிரிட்டில் அழிந்த எண்கள்

அன்புள்ள தோழிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை.

மூலிகைச் செல்களில் ஒரு நொதியின் மரபணுவைத் தூண்டினால், மருந்துக்கான டெர்பீன் என்ற வேதிப்பொருள் கூடும் என்றாய். ஆனால் நீ தூண்டிய குடுவைகளில் அது தூண்டாதவற்றைவிடக் குறைந்திருந்தது. "குடுவையை மாத்தி வச்சிட்டியாடி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். நீ குழம்பிப்போய் வேலையையே விட்டுவிட்டாய்.

மாற்றியது நான். முந்தைய வாரம் அலமாரியை ஸ்பிரிட்டால் துடைத்தபோது, குடுவைகளில் நீ எழுதியிருந்த எண்கள் அழிந்துவிட்டன. குத்துமதிப்பாக நானே திரும்ப எழுதினேன். அது தெரிந்தும்தான் உன்னைக் கேட்டேன்.

இப்போது உன் சோதனையை மறுபடி செய்தேன். டெர்பீன் மூன்று மடங்கு. "கெட்டிக்காரிம்மா நீ," என்றார் பேராசிரியர் என்னைப் பார்த்து.

நீ விட்டுப்போன சோதனை நோட்டு "தவறு என்னுடையது" என்று முடிகிறது. அந்த வரியின் கீழே இன்று என் கையெழுத்தைப் போட்டு, அவர் மேஜையில் வைத்துவிட்டேன்.

உன் பக்கத்து மேஜைக்காரி