தம்பி வயிற்றில் துடித்த சுவர்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. துவைத்த துணி எல்லாம் ஈரம். கறிவேப்பிலை வாங்க மறந்தாயிற்று.

மதியம் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். சாஆ ஊரிலிருந்து சேகர். என் கூடப்பிறந்த ஒரே தம்பி. ஒன்பது வருஷமாக யோங் பெங்கில் இந்த வீட்டுப் படி ஏறாதவன். என் வீட்டுக்காரர் காரியத்தன்று பிறந்த வீட்டுக் கோடிச் சேலை கொண்டுவர வேண்டியவன் இவன். வரவில்லை. அப்போது வேலை பார்த்த சிங்கப்பூரில் லீவு கொடுக்கவில்லையாம். கடைசியில் பக்கத்து வீட்டு அம்மா தன் பீரோவிலிருந்து ஒரு சேலை எடுத்துவந்து என் தோளில் போட்டாள். பச்சைக் கரை. சபை முழுக்கப் பார்த்தது.

"அக்கா, வயித்துல என்னமோ திக்கு திக்குன்னு அடிக்குது. முதுகு வேற வலி. குடலேத்தம் போல. கொஞ்சம் உருவி விடு லா."

"சாஆவுல ஆளே இல்லையா?"

"எஸ்டேட்ல பாதிப் பேரு குடல உருவினது நீதானே."

அது உண்மை. பாயில் படுக்க வைத்தேன். விளக்கெண்ணெய். தொப்புளுக்கு மேலே துடிப்பு. ஒல்லியான ஆட்களுக்குக் கொஞ்சம் தெரியும், பார்த்திருக்கிறேன். இது வேறு மாதிரி. இரண்டு கையையும் இரண்டு பக்கம் வைத்தேன். ஒவ்வொரு அடிக்கும் என் கைகளை வெளியே தள்ளிற்று. உள்ளே ஒன்று தனியாக மூச்சு விடுவது போல.

அழுத்தித் தேய்த்தேன். பச்சைக் கரை ஞாபகத்தில் கொஞ்சம் கூடவே அழுத்தினேன். டீ கொடுத்தேன். சீனி குறைத்து.

நவம்பர் 8, சனி

யாழினி ஜேபி டவுனிலிருந்து வந்தாள். மகள் வயிற்றுப் பேத்தி. பல்கலைக்கழகத்தில் ஆட்டின் ரத்தக் குழாயை மெஷினில் மாட்டி இழுத்துப் பார்க்கிறாளாம். அதற்கும் ஒரு படிப்பு.

சேகர் மறுபடி. வலி போகவில்லை. எண்ணெயைச் சூடுபண்ணி உட்கார்ந்தேன். யாழினி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் கையை வைத்தாள். முகம் மாறிவிட்டது.

"பாட்டி, கைய எடுங்க."

"என்னடி?"

"எடுங்க பாட்டி. தேய்க்கவே கூடாது. தாத்தா, நீங்க எந்திரிக்காதீங்க."

ஆம்புலன்சுக்குப் போன் அடித்தாள். எண்ணெய்க் கிண்ணம் அப்படியே கூடத்தில்.

நவம்பர் 9, ஞாயிறு

ஜேபி ஆஸ்பத்திரி. படம் எடுத்தார்கள். டாக்டர் சீனர், சின்ன வயது, பொறுமைசாலி. மலாயில் சொன்னார். எனக்குப் புரியாததை யாழினி தமிழில். மறப்பதற்கு முன்:

– இதயத்திலிருந்து கீழே இறங்கும் பெரிய ரத்தக் குழாய் வயிற்றில் ஓரிடத்தில் பலூன் மாதிரி உப்பியிருக்கிறது. என் கையைத் தள்ளியது அதுதான்.

– அதன் சுவரில் இரண்டு வித நார். ஒன்று ரப்பர் போல. நீளும், திரும்பும். இன்னொன்று கயிறு போல. அதிகம் நீளாது, தாங்கும். சேகருக்கு ரப்பர் நார் தேய்ந்துவிட்டது. கயிறுதான் மிச்சம். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக நைகிறது.

– அதனால் சுவர் விறைப்பாக இருக்கும். பலம் இருக்காது. விறைப்பும் பலமும் ஒன்றென்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

– உப்ப உப்ப, அதே ரத்தம் அதே அழுத்தத்தில் அடித்தாலும் சுவரில் இழுப்பு கூடும். இழுப்பு கூடினால் இன்னும் உப்பும்.

– எங்கே கிழியும், எப்போது? டாக்டருக்கே தெரியாது. ஒரே சுவர், ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு. கிழிந்தால் பிழைப்பது அரிது.

"தேய்ச்சா?" என்று கேட்டேன். டாக்டர் என் கைகளைப் பார்த்தார். "இனிமேல் வேண்டாம்" என்றார்.

கழிவறைக்குப் போய்க் கை கழுவினேன். என் கட்டை விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நைந்த சுவர் உள்ளே ரத்தத்தையும் தாங்கி, மேலே என் கோபத்தையும் தாங்கியிருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

சேகர் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "கத்தி வேணாம். இருக்கற வரைக்கும் இருக்கட்டும்." அவன் பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை இல்லை. அதட்ட ஆளில்லாத திமிர்.

யாழினியின் வாடகை அறை. பாய் கறிக்கடையிலிருந்து ஆட்டு இதயம், குழாயோடு. நான்தான் கழுவினேன். குழாயில் ஒரு வளையம் வெட்டி என் இரண்டு விரலில் மாட்டினாள்.

"இழுங்க பாட்டி."

இளகி வந்தது. விட்டேன், பழையபடி ஆயிற்று. இன்னும் இழுத்தேன். ஒரு கட்டத்தில் சட்டென்று பிடித்துக்கொண்டது. அதற்குமேல் ஒரு நூலளவும் வரவில்லை.

"மொதல்ல ரப்பரு. இப்போ கயிறு" என்றாள்.

வேகாத சவ்வென்று இதை எத்தனை தடவை வெட்டிப் பூனைக்குப் போட்டிருக்கிறேன். முப்பது வருஷம் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டியவள் நான். உடம்புக்குள்ளும் ரப்பர் இருக்கிறதென்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். அந்த ரப்பர் நாரை உடம்பு தாயின் வயிற்றிலும் சின்ன வயதிலும்தான் செய்து வைக்கும். பிறகு புதிதாகச் செய்வது இல்லை என்றே சொல்லலாமாம். அப்போது செய்ததை வைத்துத்தான் கடைசிவரை.

அப்புறம் சாப்பிட முடியவில்லை. எஸ்டேட் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் சேகர் கிடந்த வயது அது. அம்மா மரம் வெட்டப் போய்விடுவாள். டின் பால் கரைத்துப் புகட்டியது நான். இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தது நான். அந்த நார் அந்தப் பாலில் ஆனது.

நவம்பர் 11, செவ்வாய்

வார்டுக்குப் போனேன். கஞ்சி வேண்டாமென்று தள்ளி வைத்திருந்தான்.

"அம்மா காலத்து நாருடா அது. இத்தன வருஷம் இழுத்து இழுத்து விட்டு உன்ன ஓட்டிருச்சு. இனிமே டாக்டர் பாத்துக்கட்டும். கையெழுத்துப் போடு."

கஞ்சிக் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பி வைத்தான். "ஆபரேஷன் அன்னைக்கு நீ வருவியா அக்கா?"

"வராம இருக்க நான் என்ன உன்ன மாதிரியா?"

பேனா கேட்டான்.

நவம்பர் 12, புதன்

உப்பிய இடத்தில் என்ன வைப்பீர்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். மாதிரிக்கு ஒன்று கொண்டுவந்து காட்டினார். குழாய். வெள்ளை. நெய்தது. சேலைக் கொசுவம் போல நெருக்க மடிப்பு.

"துணிதான்" என்றார். தொடச் சொன்னார். நல்ல நெசவு.

எனக்கு நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. விழுங்கிவிட்டேன். ஆபரேஷனுக்கு முன் சொல்லும் வார்த்தையா அது.

நவம்பர் 13, வியாழன்

மழை. காலை அப்பம், பாதி. அவனை உள்ளே கொண்டுபோனபோது வலது கையைக் காட்டினான். நான் காட்டவில்லை, பை கனமாக இருந்தது. எதிர் நாற்காலியில் ஒரு மலாய் அம்மா தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு. நான் என் நாடியைப் பிடித்துக்கொண்டு. விரலுக்குக் கீழே என் குழாய், உப்பி, திரும்பி. ஒருநாளும் நன்றி சொன்னதில்லை அதற்கு.

சாயங்காலம் டாக்டர் வந்தார். முடிந்தது, இருக்கிறான். ஓரிடத்தில் சுவர் வெங்காயச் சருகு அளவுதானாம்.

வெங்காயச் சருகு. அதை வயிற்றில் வைத்துக்கொண்டு மோட்டாரில் வந்திருக்கிறான்.

நவம்பர் 17, திங்கள்

வெயில். வீட்டில் துணி காய்ந்திருக்கும், எடுக்க ஆளில்லை. சேகர் சாய்ந்து உட்கார்ந்தான். கஞ்சி குடித்தான். இன்னும் கொஞ்சம் உப்பு கேட்கிறான், தரவில்லை. தேறிவிட்டான். இனிச் சொல்லலாம்.

"ஏன்டா, எனக்கு ஒரு கோடிச் சேல கொண்டாரல. உனக்குப் பாரு, வயித்துக்குள்ளேயே புதுத் துணி."

முகம் தொங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"அது என்ன கரை அக்கா?"

"கரையே இல்ல. வெறும் வெள்ளை."

தோள் குலுங்கிற்று. அழுகிறானென்று நினைத்தேன். தலையணையை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டான்.

"அலமாக், சிரிக்க வைக்காத அக்கா. தையல் இழுக்குது."

"இழுக்கட்டும்டா. தாங்கும்."