பூட்டி வைத்த புது அறை

என் செல்ல ராட்சசிக்கு,

உளியேந்திய சக்கரவர்த்தியும், அப்பா இல்லாத குறை தெரியாமல் உன்னைத் தோளில் சுமந்தே அரை அடி குள்ளமாகிப் போனவனுமான உன் மாமன் எழுதுவது. நான் குண்டுக்கல்லாட்டம் இருக்கிறேன். உன் அம்மாவும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், அந்த இடம் வந்ததும் அது மக்கர் பண்ணுகிறது.

அக்காவுக்கு இருமல். அவள் இருமினால் அடுத்த தெருவில் சைக்கிள் சாய்கிறது. கண்ணெரிச்சல் வேறு. மூன்று டாக்டர்கள் மருந்து கொடுத்தார்கள், நாலாவது வந்த நுரையீரல் டாக்டரம்மாதான் வீட்டில் எது புதுசு என்று கேட்டார். வேறெது, நீ வந்தால் தங்க நாங்கள் கட்டிய அறைதான். புதுசு குறையக்கூடாது, தூசி நுழையக்கூடாது என்று ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, நீ வந்து திறக்கட்டும் என்று பூட்டி வைத்தோமே, அந்த அறைக்குள் உன் அம்மா தினமும் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கே இப்போதுதான் தெரியும். டாக்டரம்மா சொன்னபடி பெயிண்ட் சுரண்டல், தரை விரிப்புத் துண்டு, அதை ஒட்டிய பசை, அலமாரிப் பலகைச் சில்லு என்று தனித்தனிக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, ஒரு பகல் வெயிலில் வைத்து, வரிசையாக மோந்து பார்த்தேன். உலகத்து மோப்ப நாய்களெல்லாம் இனி என்னிடம் டியூஷன் படிக்கலாம். முதல் மூன்றும் சாது. நாலாவதைத் திறந்ததும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. என் கையால் செய்த அலமாரியம்மா அது. மரத்தூளைப் பசையில் பிசைந்து அழுத்திய பலகை. முகத்துக்குப் பளபளவென்று தகடு ஒட்டியவன், முதுகை யார் பார்க்கப்போகிறார்கள் என்று மொட்டையாக விட்டுவிட்டேன். அந்த முதுகு வழியாகத்தான் பலகைக்குள் இருக்கிற பசையின் நச்சுக்காற்று இத்தனை நாளாகக் கசிந்திருக்கிறது. பாட்டிலை மூடிய பிறகும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, அதற்குப் பலகை பொறுப்பில்லை.

உடனே பிரித்தெறியப் போனேன். அக்கா குறுக்கே நின்றுகொண்டு, அவ ஒரு தடவ வந்து பாக்கட்டும்டா, அப்புறம் தூக்கிப் போடு, அதுக்குள்ள நான் செத்தா போயிடுவேன் என்கிறாள். டேப்பைக் கிழித்தேன், மறுநாள் புது டேப். அந்தப் புது வாசனை போய்விட்டால் நீ வரமாட்டாய் என்று ஆகிவிடுமாம். கெட்டுப்போன நுரையீரல் திரும்பாது, மிச்சத்தையாவது காப்பாத்துங்க என்றார் டாக்டரம்மா. இனி எப்போதும் வர முடியாது என்று நீ எனக்கு மட்டும் எழுதினாயே, அது என் கருவிப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. புலியைப் பல்குச்சியால் விரட்டிய வீரனுக்கு அதை அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் மனசு போகும், சொல்லாவிட்டால் மூச்சு போகும். நீயே உன் கையால் அவளுக்கு எழுதிவிடு கண்ணு. அப்போதாவது ஜன்னலைத் திறக்க விடுகிறாளா பார்ப்போம், எனக்கு நம்பிக்கை இல்லை.

நீ முந்நூறு வருஷம் நன்றாக இரு. அங்கே நீ தங்கியிருக்கிற அறை அலமாரியின் முதுகைத் தடவிப் பார், ஜன்னலைத் திறந்து வைத்தே படு. இதை எழுதும்போதே உள்ளே டேப்பைச் சர்ரென்று இழுக்கிற சத்தம் கேட்கிறது. நடுவில் இருமுகிறாள், மறுபடி இழுக்கிறாள்.

இப்படிக்கு,
அந்த அலமாரியைச் செய்த
உன் மாமன்