அம்மா சுகம், தந்தி பொய்

வென்ட்வேர்த்வில்,
நவம்பர் 1978

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அடுத்த வரியில் உங்கள் சுகத்தைக் கேட்பதுதான் முறை, ஆனால் முதல் வரியையே திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. அம்மாவும் சுகம். ஒரு தலையிடிகூட இல்லை, முதியோர் இல்லத்துக்கு இரவு வேலைக்குப் போயிருக்கிறார். “சந்திரவதனாவுக்குக் கடும் வருத்தம், உடனே புறப்படவும், சிறிதரன்” என்று புக்கோபாவில் உங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த தந்தியை அனுப்பியது சிறிதரன் மாமா இல்லை, நான். இன்று பள்ளிக்கூடம் விட்டதும் தபால் கந்தோரில் கொடுத்தேன். அங்கே இருந்த வெள்ளைக்காரப் பெண் “அம்மாவுக்கு என்ன, பிள்ளை?” என்று கேட்டபோது அழுதுவிட்டேன். நடிக்கவில்லை, உங்களை நினைத்துத்தான் அழுதேன், அவர் அம்மாவுக்காக என்று நம்பிவிட்டார். இந்தக் கடிதத்தைத் தார் எஸ் ஸலாமில் சச்சிதானந்தன் அங்கிள் வீட்டுக்கு அனுப்புகிறேன். விமான டிக்கெட் எடுக்க நீங்கள் அங்கேதான் வந்து தங்க வேண்டும். ஆகவே இதை வாசிக்கிறீர்கள் என்றால் சண்டை நடக்கும் பக்கத்தை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள். இனி எவ்வளவு வேண்டுமானாலும் ஏசலாம்.

போன கடிதத்தில் நீங்கள் எழுதியதை அம்மா வாசித்துக் காட்டினார். உகண்டாப் படை எல்லை தாண்டிவிட்டது, ககேரா ஆறு வரைக்கும் தன்னுடையது என்று அமீன் ரேடியோவில் சொல்கிறான், சனம் பாயும் சட்டியுமாக ஓடுகிறது, ஆனாலும் சோதனை எழுதும் வகுப்பை விட்டுவிட்டு ஒரு கோமாளிக்குப் பயந்து வரமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அம்மா அதை மடித்து வைத்துவிட்டு, அப்பாவுக்குத் தெரியாததா என்று சொல்லி வெங்காயம் வெட்டப் போய்விட்டார். உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் உகண்டாவில், ஜிஞ்சாவில் இருந்தபோதே பார்த்தவள். ஆசியக்காரர் எல்லோரும் வெளியே போ என்று அதே அமீன் சொன்னபோது, அது இந்தியருக்கு, நாங்கள் சிலோன்காரர் என்று சொல்லிக்கொண்டு கதிரையில் இருந்தீர்கள். சிப்பாய்கள் வந்து எங்கள் பிரிட்ஜைத் தூக்கினார்கள், பாரம் என்று உங்களையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னார்கள், நீங்களும் பிடித்தீர்கள். பிறகு உலகம் முழுக்க இடம் இருக்க, எல்லைக்கு மறுபக்கத்தில், தன்சானியாவில் போய் வேலை எடுத்தீர்கள்.

மிஸ் கார்ட்டர் இந்தத் தவணை எங்களுக்கு இரண்டாம் உலக யுத்தம் படிப்பிக்கிறார். அந்த ஜெர்மன் மீசைக்காரன் மேடையில் கத்துகிற படத்தைப் போட்டபோது வகுப்பே சிரித்தது, எனக்குப் பக்கத்தில் இருக்கும் டெபி இவனுக்கு மலச்சிக்கல் போல என்றாள். அந்தக் காலத்திலும் ஆட்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே ஒரு துண்டு நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள், அவன் அடுத்த துண்டையும் கேட்டான் என்று மிஸ் சொன்னார். ஏன் கேட்கிறான் என்பதை அவர் அவ்வளவாகச் சொல்லவில்லை, எனக்கு அது ஜிஞ்சாவை வைத்தே தெரியும். அமீன் எங்களைத் துரத்திவிட்டுக் கடைகளைத் தன் ஆட்களுக்குக் கொடுத்தான். இருந்த சீனியை விற்று முடித்த பிறகு சீனி எங்கிருந்து வரும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் என்று காட்ட நாங்களும் இல்லை. சிப்பாய்கள் தங்களுக்குள்ளேயே சுடத் தொடங்கிவிட்டார்கள், ஆகவே கொள்ளையடிக்க அவர்களுக்குப் பக்கத்து வீட்டைக் காட்டிவிட்டான். ஐயா, இது சரிவராது என்று சொல்லக்கூடிய ஒருவரையும் அவன் உயிரோடு விட்டுவைக்கவில்லை.

இப்போது தன்சானியா ஜனாதிபதியைக் குத்துச்சண்டைக்கு வரச் சொல்லியிருக்கிறானாம். மாமா அதை ரேடியோவில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஜனாதிபதி முன்பு வாத்தியாராக இருந்தவர். வாத்தியாருக்குக் கோபம் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அமீனுக்குத் தெரியாது. அவர் ஆற்றோடு நிற்கமாட்டார், இது பெரிய யுத்தமாகத்தான் வரும், அவர் படை போகிற வழியில் உங்கள் பள்ளிக்கூடம் இருக்கிறது.

கோபிக்காதீர்கள் அப்பா, எங்கள் வீட்டிலும் இது சரிவராது என்று சொல்ல ஒருவரும் இல்லை. நீங்கள் ஜனாதிபதி, மந்திரிசபையில் நானும் அம்மாவும். அம்மா எல்லாவற்றுக்கும் ஓம் என்பார், நான் சின்னப் பிள்ளை என்று என்னை ஒருவரும் கேட்பதில்லை. இன்றைக்கு நீங்கள் கேட்காமலே சொல்கிறேன். இல்லை. நீங்கள் திரும்பிப் போகக்கூடாது. தந்தி பொய் என்று தெரிந்ததும் உங்களுக்கு மூக்கு சிவக்கும், அடுத்த ரயிலிலேயே வகுப்புக்குத் திரும்பப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே வர உங்கள் விசா ஆனி மாதமே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒருவரும் உங்களைப் பயந்து ஓடியவர் என்று சொல்லமாட்டார்கள், மனைவிக்கு வருத்தம் என்று போன மனிதர் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பொய்யை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அங்கிளிடமும் சொல்ல வேண்டாம்.

குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன், மாமா இருமும்போதெல்லாம் கடிதத்தைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளிக்கிறேன். தன் பெயரில் தந்தி போனது அவருக்குத் தெரியாது. அம்மா எழுத வேண்டிய புத்திமதியை நானே எழுதிவிடுகிறேன். விமானத்தில் தருவதைப் பேசாமல் சாப்பிடுங்கள். பாஸ்போர்ட்டைக் கோட்டின் உள்பையில் வையுங்கள். கடவுள் உங்களை நல்ல மனதோடு இங்கே கொண்டுவந்து சேர்க்கட்டும். அடிப்பதென்றால் கடிதத்தில் வேண்டாம், வந்து அடியுங்கள்.

அந்த அடிக்குப் பயந்துகொண்டு, அதற்காகவே காத்திருக்கும்,
மகள் யோகா