மூலையில் பறந்த பறவை

மதிப்பிற்குரிய கணவர் அவர்களுக்கு,

நேற்று பரிசு மேடையில் தாங்கள் ஆற்றிய உரையை முன்வரிசையில் அமர்ந்து முழுமையாகக் கேட்டேன். தங்கள் தொழில்முறைக் கேமராவின் பெருமைகளை அடுக்கினீர்கள்: இரண்டு மெமரி கார்டு, மழைக்கு அஞ்சாத உடல், ஓடுபவரையும் நழுவவிடாத ஃபோகஸ். அத்தனையும் உண்மை. ஆயினும், பரிசு வென்ற படம், மொட்டைமாடியில் கயிறு தாண்டும் சிறுமியின் அந்தப் படம், அதில் எடுத்ததன்று. "கத்துக்குட்டிக்கு இதுவே அதிகம்மா" என்று தாங்கள் என் கையில் திணித்த சின்ன கேமராவில் நான் எடுத்தது.

பெரியதில் லென்ஸைக் கழற்றும்போது உள்ளே ஒரு திரை தானே மூடிக்கொள்ளும். என்னுடையதில், படம் பதியும் சென்சார் திறந்தே கிடப்பதால் தூசி படிந்து, எல்லாப் படங்களிலும் இடது மேல் மூலையில் ஒரு கரும்புள்ளி விழுகிறது. படந்தோறும் கணினியில் அதை அழிப்பவள் நானே. இந்தப் படத்தைத் தாங்கள் எனக்குத் தெரியாமல் தங்கள் பெயரில் போட்டிக்கு அனுப்பியதால், புள்ளியும் உடன் சென்றுவிட்டது.

நடுவர் அம்மையார் கேட்டார்: "வானத்துல அது என்னங்க?"

"பறவைங்க மேடம். அது வர்றதுக்காகவே ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன்!"

அரங்கமே கைதட்டியது. தாங்கள் என் பக்கம் திரும்பவேயில்லை.

இன்று காலை என் படங்கள் பன்னிரண்டை, புள்ளியை அழிக்காமல், அந்த அம்மையாருக்கு அனுப்பிவிட்டேன். தங்கள் பறவை அதே மூலையில் நம் சமையலறைச் சுவரிலும் பறக்கிறது. தாங்கள் வாய் பிளந்து உறங்கும் படத்தில், கூரைக்குச் சற்றுக் கீழே பறக்கிறது.

தாங்கள் சூட்டிய பெயரிலேயே,
கத்துக்குட்டி