சந்திரலேகா அக்காவின் இடது கால்

பிப்ரவரி 3, திங்கள்

சிதம்பரத்தில் இந்த மசாஜ் சென்டரில் பயிற்சிக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. துண்டு மடிப்பதும் எண்ணெய் சுட வைப்பதும்தான் இதுவரை என் வேலை. இன்று சென்டரை நடத்தும் சிந்துஜா மேடம் முதல்முறையாக ஒருவரை முழுதாக என்னிடம் விட்டார். சந்திரலேகா அக்கா, கீழவீதியில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறார். வண்டியிலிருந்து விழுந்து இடது கணுக்கால் முறிந்து, போன வாரம்தான் மாவுக்கட்டு பிரித்தார்களாம். கெண்டைக்கால் கல்லு மாதிரி இருந்தது. இருபது நிமிடம் நன்றாக அழுத்தித் தேய்த்தேன். தூங்கியே போய்விட்டார்.

"அர்ஃபா, அடுத்த தடவயும் நீயே வாம்மா"ன்னு சொல்லிவிட்டுப் போனார். திருப்பாதிரிப்புலியூர் வரும்வரை ரயிலில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 8, சனி

செம்மண்டலத்தில் வாராந்திர வகுப்பு. பயிற்சிக்காரர்கள் பதினோரு பேர். ராஜமாணிக்கம் சார் இன்று யாரைத் தொடக்கூடாது என்று நடத்தினார்.

"ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா இருந்தா கை வெக்காதீங்க. முக்கியமா கட்டுப் போட்டு அசையாம கெடந்த கால். உள்ள ரத்தம் உறஞ்சிருக்கலாம். நீங்க அமுக்குனா அது பிச்சிக்கிட்டு நுரையீரலுக்குப் போயிடும்."

பேனா நின்றுவிட்டது. அக்காவின் கால் சூடாக இருந்ததா? தெரியவில்லை. என் கையில் சுடவைத்த எண்ணெய் இருந்தது. எப்படித் தெரியும்?

பிப்ரவரி 9

அம்மா இரண்டு தடவை கேட்டது, ஏன் சாப்பிடல என்று. தலைவலி என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

அக்கா வந்தார். எண்ணெயைத் தொடாமல் இரண்டு கால்களிலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். இடது கால் கொதித்தது. அவர் கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பைக் கேட்டு வாங்கி அளந்தேன். வலது பதின்மூன்று. இடது பதினாலே முக்கால்.

"என்னா, காலுக்கு பிளவுஸ் தைக்கப் போறியா?" என்று சிரித்தார்.

ஓடிப்போய் மேடத்திடம் சொன்னேன்.

"கட்டுப் போட்ட காலு வீங்கத்தான் செய்யும். நீ என்ன டாக்டரா? அவுங்க பத்து சிட்டிங்குக்கு வந்திருக்காங்க, பயமுறுத்தி அனுப்பிடாத. வினோதினி, நீ போ."

வினோதினி எனக்கு ஒரு மாதம் முன்னால் சேர்ந்தவள். போனாள். திரைக்கு இந்தப் பக்கம் நின்று துண்டு மடித்தேன். எண்ணெய் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரையை விலக்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? சான்றிதழில் மேடம் கையெழுத்து வேண்டும். அவ்வளவுதான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

பிப்ரவரி 12

மத்தியானம் சாப்பிடும்போது வினோதினியிடம் கெஞ்சினேன், நாளைக்கு அக்கா வந்தால் அந்தக் காலைத் தொடாதே என்று.

"மொதல்ல அமுக்குனது நீதான? இப்ப எனக்கு பாடம் எடுக்கிற?"



பிப்ரவரி 13, வியாழன்

சிதம்பரத்தில் இறங்கி சென்டருக்குப் போகவில்லை. நேரே கீழவீதி. அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார், தைக்காமல். உதடு வெளுத்திருந்தது.

"நேத்துலேர்ந்து நாலு படி ஏறுனாலே மூச்சு வாங்குது. நெஞ்சுல என்னமோ குத்துது. வாயுன்னு நெனச்சேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். நான் தேய்த்ததையும், தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு நின்றதையும். ஒரே மூச்சில் சொன்னேன், நிறுத்தினால் அழுதுவிடுவேன்.

அவர் கத்தவில்லை. "திங்கக்கெழமயே தெரியுமா ஒனக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அக்காவின் தம்பி ஸ்ரீதர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். என்னை ஏறச் சொல்லவில்லை.

மேடம் ஏழு தடவை கூப்பிட்டிருந்தார்.

பிப்ரவரி 14

காலில் ரத்தக்கட்டி. ஒரு துண்டு ஏற்கெனவே நுரையீரலுக்குப் போய்விட்டது. ஐசியூவில் இருக்கிறார்.

மேடம் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். இரண்டு நாளுக்கும் என் பேர். பத்தாம் தேதி வினோதினி பேரே இல்லை.

"தொட்டது நீ மட்டும்தான். நல்லா யோசிச்சுப் பேசு."

யா அல்லா. வினோதினி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிப்ரவரி 17

ஸ்ரீதர் போனில் கேட்டார், யார் அமுக்கியது என்று. முதல் தடவை நான், இரண்டாம் தடவை வினோதினி, அனுப்பியது மேடம் என்றேன். எழுதித் தருவியா என்றார். எழுதிக் கொடுத்தேன். முதல் வரியில் என் பேர்.

இனி சென்டருக்கு வர வேண்டாம் என்று சாயங்காலம் மேடத்திடமிருந்து ஒரு மெசேஜ். மூன்று மாதமும் போச்சு.

பிப்ரவரி 27

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பாதி உடம்பாகியிருந்தார். உட்காரச் சொல்ல வெகுநேரம் ஆனது.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பொணமாத்தான் வந்திருப்பன்னு டாக்டர் சொன்னாரு. அமுக்காம இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்தே இருக்காதுன்னும் அதே டாக்டர்தான் சொன்னாரு. ரெண்டும் நீதானே?"

"ஆமாக்கா."

நாளைக்குப் பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் விசாரணை. ஸ்ரீதர் கொடுத்த புகாரில் சிந்துஜா மேடம் பேருக்கு அடுத்து என் பேரும் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்கிறேன் என்று அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.