வர்ணனையாளர் போர்த்த வந்த பொன்னாடை

12, வெள்ளி
காலையிலிருந்தே வெக்கை. காரைக்குடி மைதானம், பெண்கள் கால்பந்து அரையிறுதி. வர்ணனை: பட்டிமன்றம் பேசும் ஓய்வுபெற்ற வாத்தியார். மைக் கிடைத்தால் விடமாட்டார்.

பத்திரிகைக்குக் குறித்துக்கொண்டவை.
தேவகோட்டைப் பெண்ணுக்கு (சிவத்த தோல்): மான், மயில், குட்டி ராணி.
நாச்சியாபுரம் சித்ராவுக்கு (கறுத்த தோல், அஞ்சாம் நம்பர், பின்வரிசைத் தடுப்பு): ரோடு ரோலர். எருமை, நான்கு முறை. "கட்டிக்கப்போறவன் பாவம்", ஒரு முறை.

கூட்டம் சிரித்தது. நாச்சியாபுரம் ஜெயித்தது. சித்ரா ஒரு ஃபவுல்கூடச் செய்யவில்லை. அதை மைக்கில் யாரும் சொல்லவில்லை.

பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

13, சனி
நேற்றைய வர்ணனை வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. வாத்தியாரிடம் கேட்டேன். கூசாமல் சொன்னார்: "எருமை எமதர்மன் வாகனம்ணே. பெருமையாத்தான சொன்னேன்." அவர் வீட்டுப் பெண்ணை அப்படிச் சொல்வாரா என்றேன். காபி சாப்பிடச் சொன்னார்.

போட்டிக் கமிட்டி கூடி முடிவெடுத்ததாம். நாளை இறுதி ஆட்டத்துக்கு முன் வாத்தியார் கையால் சித்ராவுக்குப் பொன்னாடை. 'வருத்தமில்லை' என்று அவள் மைக்கில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஆட முடியாது. மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருவது நாளைக்குத்தான்.

இந்த ஊரில் எந்தத் தப்புக்கும் ஒரு துண்டு போதும்.

மாலையே கமிட்டியின் செய்திக் குறிப்பு வந்துவிட்டது: "வீராங்கனை பெருந்தன்மையுடன் ஏற்றார்." நடக்கப்போவதே நாளைதான். இப்படி எத்தனையை அப்படியே அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். காறித் துப்பப்பட வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

14, ஞாயிறு
மேகமூட்டம். மழை இல்லை.

சித்ரா மேடைக்கு வந்தாள். வாத்தியார் பொன்னாடையை விரித்தார், கேமராவைப் பார்த்தபடி. அவள் மைக்கை வாங்கினாள். குரல் உயரவில்லை.

"ஐயா, என்னிய நாலு தடவ எருமைன்னு சொன்னீக. இப்ப என் மூஞ்சியப் பாத்து ஒருக்காச் சொல்லுங்க. அப்புறம் போத்திக்கிறேன்."

வாத்தியார் பொன்னாடையை மடிக்க ஆரம்பித்தார். நான்காக, எட்டாக.

முதல் பாதி முழுக்க அவளை வெளியே உட்கார வைத்தார்கள். நாச்சியாபுரம் ஒரு கோல் பின்னால். இடைவேளையில் கமிட்டிச் செயலாளர் கத்தக் கத்த, கோச் மேரி அவளை உள்ளே அனுப்பினார். "அங்குட்டுப் போய்க் கத்துங்க" என்றார் அவரிடம், திரும்பிப் பார்க்காமலே.

அதன்பின் எதிரணி ஒரு பந்தைக்கூட அவளைத் தாண்டிக் கொண்டுபோகவில்லை. அவள் காலுக்குப் பந்து வரும்போதெல்லாம் மைக் ஊமை. வாத்தியாருக்கு வேறு வார்த்தை தெரியாது.

தோற்றார்கள், அதே ஒரு கோலில்.

ஆள் எடுக்க வந்தவர்களில் ஒருவர் என்னிடம் வந்தார். அஞ்சாம் நம்பர் பெண்ணின் பெயர் ஆட்டம் முழுக்க மைக்கில் ஒருமுறைகூட வரவில்லையே, என்ன பெயர் என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.