கேமராவில் ஒரு கறை

என் கப்பல்காரருக்கு,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், அதட்ட வேண்டாம்.

எங்கள் தொலைநோக்கி எடுத்த நெபுலா என்னும் சிவப்பு வாயு மேகப் படத்தின் நடுவே ஒரு கறுப்புத் திட்டு. கேமராவில் அழுக்கு என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கை வலித்தது. மேலதிகாரி அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"அழுக்கில்லம்மா, அது தூசி மேகம். அகச்சிவப்புல எடுத்துப் பாரு."

எடுத்தேன். அந்த இருட்டுக்குள்ளே குட்டி நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன!

வீட்டுக்கு வந்ததும், போன வருடம் நீங்கள் பூட்டிய சின்ன அறையைத் திறந்தேன். அழவில்லை. தொட்டிலில் தூசி படிந்திருக்கிறது. துடைக்கவில்லை, அது உங்கள் வேலை. டாக்டர் என்னைக் குனியக் கூடாது என்கிறார். "இந்தத் தடவை துடிப்பு கணீர்னு கேக்குது" என்றும் சொன்னார்.

சீக்கிரம் கரை சேருங்கள்.

இப்படிக்கு,
பொறுமையில்லாத இருவர்